பாதி மஞ்சள் பூசிய லட்சுமி

முதலில் ஒரு விடுகதை.

வீட்டுக்காரருக்குச் சொந்தமானது, ஆனால் அவர் அதை உட்கார்ந்து பார்ப்பதே இல்லை. எதிர்வீட்டுக்காரருக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து அவர்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது என்ன?

தெரிந்தவர்கள் வெளியே சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவரும் யோசிக்கட்டும். நாம் கதைக்குப் போவோம்.

காவிரிக் கரையோரம் ஓர் ஊர். அந்த ஊரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் கலியமூர்த்தி. வயது ஐம்பத்தாறு. ஓட்டைப் பாத்திரத்தை நல்ல பாத்திரம் என்று சொல்லி விற்காதவர் என்று ஊரில் பேர். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, வாய்க்கால் கரையில் இருந்த பெரியநாயகி அம்மாவின் வீட்டுக்குப் போவார்.

பெரியநாயகி அம்மா அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். வாரத்தில் ஆறு நாள் அவர் கிராமச் செவிலியர். ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார். ஏழாவது நாள் தன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்காருவார். மனசு ஆறாதவர்கள் வந்து எதிரில் உட்காருவார்கள். அவர் அதிகம் பேசுவதில்லை. சில ஞாயிறுகளில் பேசுவதே இல்லை. கலியமூர்த்தி நாலு வருஷமாக அங்கே போய்க்கொண்டிருந்தார்.

ஆடி மாசக் கடைசி ஞாயிறு. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் போகவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"நாலு வருஷமா வர்றேன். நீங்க சொன்னபடி உக்கார்றேன். கண்ண மூடினா ஒரே ஒரு ஆளு முன்னால வந்து நிக்கிறான். போக மாட்டேங்கறான்."

"யாரு?"

"என் தம்பி வைத்திலிங்கம்."

"எங்க இருக்காரு?"

"பக்கத்து வீட்ல. பக்கத்து வீடுன்னா... எங்க வீட்லதான். மறு பாதியில."

அந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

கலியமூர்த்தியின் தாத்தா கட்டிய வீடு. ஒரே தளம். சுண்ணாம்புக் காரை பூசிய அகலமான முன்சுவர். நடுவில் வாசல். வாசலுக்கு மேலே சுதையில் செய்த லட்சுமி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு யானை, தும்பிக்கையில் குடத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

அப்பா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அளக்க வந்தவர் நாடாவைப் பிடித்தபோது நடுக்கோடு சரியாக வாசலுக்கு நடுவே ஓடியது. வாசலை விட்டுக்கொடு என்று அண்ணன் சொல்லவில்லை. எடுத்துக்கொள் என்று தம்பியும் சொல்லவில்லை. செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பிறகு அவரவர் பக்கத்து ஜன்னலை இடித்து அவரவருக்கு ஒரு கதவு வைத்துக்கொண்டார்கள்.

யானைகள் ஆளுக்கு ஒன்று. லட்சுமி ஆளுக்குப் பாதி.

கலியமூர்த்தி தன் பாதிச் சுவருக்குச் சந்தன மஞ்சள் அடித்தார். பெயிண்டர் சாரத்தில் நின்று, "ஐயா, சாமிய என்ன செய்யறது?" என்று கேட்டார். "என் பக்கம் எவ்வளவோ அவ்வளவு" என்றார் கலியமூர்த்தி. அந்தப் பெயிண்டர் நல்ல வேலைக்காரர். நூல் பிடித்தாற்போல் லட்சுமியின் மூக்கின் மேல் கோடு இறக்கினார். தம்பி தன் பாதிக்கு எதுவும் அடிக்கவில்லை. அன்றிலிருந்து லட்சுமிக்கு ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் பாசி.

இத்தனைக்கும் என்ன காரணம் என்று கேட்பீர்கள். தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அப்பா இறந்த அன்று கலியமூர்த்தி பாத்திரம் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். சேதி கேட்டுப் பஸ் ஏறினார். வந்து சேர்ந்தபோது சிதை பாதி எரிந்திருந்தது. தம்பி காத்திருக்கவில்லை. ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை. ஏழு வருஷம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியநாயகி அம்மா கேட்டார்:

"தம்பி வீட்ல குழந்தை உண்டா?"

"ஒரு பொண்ணு. முகிலா. ஒம்போது வயசு. இருமிக்கிட்டே இருக்கும். சொவரு வழியா எனக்குக் கேக்கும்."

"கேட்டா என்ன செய்வீங்க?"

கலியமூர்த்தி பொய் சொல்லத் தெரியாதவர்.

"ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்."

அம்மா தலையை ஆட்டினார். பிறகு, "வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

இவர் என்ன, சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்று கலியமூர்த்திக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னார். "மூணு தடவ அடிச்சாச்சும்மா. ஒவ்வொரு தடவையும் மழை முடிஞ்சா நடுப்பக்கம் கொப்புளம் கொப்புளமா கெளம்பிடுது. மொதல் தடவ பெயிண்டு மட்டம்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ ஆளு மட்டம்னு நெனச்சேன். மூணாந் தடவ திருஷ்டின்னு நெனச்சு ஒரு பூதம் வாங்கி மாட்டினேன்."

"பூதம் என்ன ஆச்சு?"

"அதுக்கும் பெயிண்டு உரிஞ்சிடுச்சு."

அம்மாவின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

"திரும்ப அடிங்க."

"நாலாந் தடவையா? யாரை வெச்சும்மா?"

"உங்க வீட்டைப் பார்த்து 'முடியாது'ன்னு சொல்ற ஆளை வெச்சு."

கலியமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆவணி பிறந்ததும் பெயிண்டிங் காண்ட்ராக்டர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

முதலில் வந்தவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டே சுவரை மேலும் கீழும் பார்த்தார். "சொரண்டி, பட்டி வெச்சு, பிரைமர் ஒரு கை, பெயிண்ட் ரெண்டு கை. அஞ்சே நாள். நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க, வந்து பார்த்தா உங்க வீடே உங்களுக்கு அடையாளம் தெரியாது."

"முடியாதுன்னு ஏதாவது இருக்கா?"

"நம்ம அகராதியிலயே அது கெடையாது சார்."

கலியமூர்த்தி அவரை அனுப்பிவிட்டார்.

இரண்டாவது வந்தவர் கைப்பேசியில் வீட்டைப் படம் பிடித்தார். விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். வீடு பச்சையானது, நீலமானது, ரோஜா நிறமானது. தம்பியின் பாதியும் சேர்ந்தே நிறம் மாறியது.

"அது என் பக்கம் இல்ல" என்றார் கலியமூர்த்தி.

"பரவாயில்ல சார், வெட்டிடலாம்." அவர் படத்தை வெட்டினார். திரையில் பாதி வீடு மட்டும் அந்தரத்தில் நின்றது. கலியமூர்த்திக்கு அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. அவரையும் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது வந்தவர் சவரிமுத்து. மெலிந்த மனிதர். பேண்ட் பாக்கெட்டில் பட்டி தேய்க்கிற தகடு ஒன்றைச் செருகியிருந்தார். வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டு நேரே சுவரிடம் போனார். உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். இன்னோர் இடத்தில் வைத்தார். விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். நடுப்பக்கம் வந்ததும் தகட்டால் ஒரு கொப்புளத்தை நெம்பினார். உள்ளே மாவுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

"கடலா இருக்கு இங்க, உப்பு வர்றதுக்கு?"

"தண்ணி எங்க நின்னாலும் சொவத்துலேர்ந்து உப்பைக் கொண்டாந்துடும்ங்க. இந்தச் சொவரு உள்ள நனைஞ்சு கெடக்கு. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கலாமா?"

"முன்பக்கம் பெயிண்ட் அடிக்க மாடி எதுக்கு?"

"தண்ணி மேலேர்ந்துதானே வரும்."

"மாடியில என் பக்கம் ஒரு சொட்டு நிக்காது. வேணும்னா எழுதித் தர்றேன்."

"அப்ப அந்தப் பக்கத்துலேர்ந்து வருது. நடுச்சொவரு ஒண்ணுதானே."

"அந்தப் பக்கம் நான் பேசற வழக்கமில்ல."

சவரிமுத்து தகட்டைத் துடைத்துப் பாக்கெட்டில் செருகினார்.

"அப்படின்னா என்னால முடியாதுங்க. அடிச்சுட்டுப் போயிடலாம். தை மாசம் மறுபடி உரியும். நீங்க என்னைத் திட்டுவீங்க. திட்டு வாங்கறதுக்கு எதுக்கு சாரம் கட்டணும்?"

அவர் போய்விட்டார். 'முடியாது' என்று சொன்ன ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் கலியமூர்த்திக்குக் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கோபத்தோடேயே பெரியநாயகி அம்மாவிடம் போனார்.

"ஆளு கெடைச்சுட்டான்மா. முடியாதுன்னுட்டான். ஈரம் எந்தம்பி பக்கத்துலேர்ந்து வருதாம். பாத்தீங்களா? எல்லாம் அங்கேர்ந்துதான் வருது."

அம்மா திரும்பிப் பார்த்தார். முற்றத்து மூலையில் மணல் மேல் தண்ணீர்ப் பானை இருந்தது. வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"எனக்குத் தாகமா இருக்கு ஐயா. அந்தப் பானையிலேர்ந்து தண்ணி குடுங்க. அதுக்கு முன்னால பானையோட வெளிப்பக்கத்தக் கொஞ்சம் துடைச்சிடுங்க. ஈரம் இருக்கக் கூடாது."

ஒரு துணியைக் கொடுத்தார்.

கலியமூர்த்தி துடைத்தார். வேர்த்தது. மறுபடி துடைத்தார். துணியைப் பிழிந்து துடைத்தார். ஒரு பக்கம் துடைத்துவிட்டு மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் பூத்துவிட்டது. முற்றத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் மேல்துண்டையும் எடுத்துத் துடைத்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அவருக்குப் புரிந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். தண்ணீர் முழுவதையும் வாழை மரத்தடியில் கொட்டினார். பானையைக் கவிழ்த்து வெயிலில் வைத்துவிட்டு வந்தார்.

"இப்பக் காஞ்சிடும்மா. உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் வெளியில காயாது." விடையைக் கண்டுபிடித்த பெருமை அவர் குரலில் கொஞ்சம் இருந்தது.

"உள்ள இருந்த தண்ணி?"

"கொட்டிட்டேன்."

பெரியநாயகி அம்மா அவரைப் பார்த்தார்.

"எனக்குத் தாகம்னு சொன்னேனே."

கலியமூர்த்தி ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றார்.

மறுநாள் காலை அவரே சவரிமுத்துவின் வீட்டுக்குப் போனார். "மாடிக்கு வாங்க" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்திருந்தது. கலியமூர்த்தியின் பக்கத்து மாடி துடைத்துவிட்டாற்போல் காய்ந்திருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் வரிசை. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றது. பாசி படர்ந்திருந்தது. நோட்டுக் காகிதத்தில் செய்த கப்பல்கள் நாலைந்து ஊறிப்போய் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. ஒரு கப்பலில் வாய்ப்பாடு எழுதியிருந்தது.

சவரிமுத்து குனிந்து மாடியின் சரிவைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அந்தக் காலத்துல கெட்டிக்காரத்தனமாத்தான் கட்டியிருக்காங்க. மொத்த மாடிக்கும் சரிவு உங்க பக்கம். தண்ணி அங்கேர்ந்து ஓடியாந்து, அதோ உங்க தூம்பு வழியா தெருவுல விழணும். இந்தச் செங்கல் வரிசை பிற்பாடு வெச்சது. யாரு வெச்சது?"

கலியமூர்த்தி அந்தச் செங்கல் வரிசையைப் பார்த்தார்.

பாகம் பிரித்த வாரம் அது. கொத்தனார்கூட வேண்டாம் என்று அவரே சிமெண்ட் குழைத்தார். அவரே செங்கல் அடுக்கினார். அவன் தண்ணீர்கூட என் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அடுக்கினார். வெயிலில் முதுகு கொப்பளித்தது. அதற்கு முன் அவர் வேறு யாருக்காகவும் அவ்வளவு உழைத்ததில்லை.

"நான்தான்" என்றார்.

"அப்ப அந்தப் பக்கம் போய்ப் பேச வேண்டியதில்லைங்க. வேலை இங்கேயே இருக்கு."

சவரிமுத்து இன்னொன்றும் சொன்னார். "இந்தத் தண்ணிக்கு நேர் கீழ இருக்கற ரூமுல யாரும் படுக்கறாங்களா? ஓதம் தாங்காது."

சுவர் வழியாகக் கேட்ட இருமல் எந்த அறையிலிருந்து வந்தது என்று கலியமூர்த்திக்குத் தெரியும்.

கீழே போய்க் கடப்பாரையும் சுத்தியலும் எடுத்து வந்தார். "நான் இடிக்கறேன், குடுங்க" என்றார் சவரிமுத்து. அவர் கொடுக்கவில்லை. முதல் செங்கல் சுலபமாக வரவில்லை. நன்றாகவே கட்டியிருந்தார்.

சத்தம் கேட்டு அந்தப் பக்கத்துப் படியில் வைத்திலிங்கம் ஏறி வந்தார். லேத் பட்டறைக்காரர். கையில் கிரீஸ் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுமி சட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன இடிக்கற?"

ஏழு வருஷத்தில் முதல் பேச்சு இது.

"தண்ணி போகட்டும்னு."

"உன் பக்கம் வருமே."

"வரட்டும்."

வைத்திலிங்கம் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "ஏழு வருஷமா சட்டியால மொண்டு மொண்டு கொட்டறேன். தொறந்து விடுன்னு உங்கிட்ட வந்து கேக்க வாய் வரல."

"எனக்கும் ஒண்ணு கேக்க வாய் வரல."

"கேளு."

கலியமூர்த்தி கடப்பாரையை ஊன்றி நின்றார்.

"அன்னிக்கு ஏன்டா காத்திருக்கல?"

வைத்திலிங்கம் கையிலிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"காத்திருந்தேன். ரெண்டு மணி நேரம். உனக்குப் போன் போட்டேன், போட்டேன், அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மேற்க கருத்துக்கிட்டு வந்துச்சு. கட்டை நனைஞ்சா பாதியில நின்னுடும், அப்புறம் மறுபடி மூட்டணும்னு அங்க இருந்தவரு சொன்னாரு. அப்பாவ ரெண்டு தடவ கொளுத்த எனக்கு மனசு வரல."

அந்தப் போன் பஸ்ஸில், மேல் தட்டில் வைத்த பைக்குள் இருந்தது. அது கலியமூர்த்திக்கு நினைவிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. மறுபடி குனிந்து கடப்பாரையைச் செருகினார்.

மூன்றாவது செங்கல் பெயர்ந்ததும் தண்ணீர் இடைவெளியைக் கண்டுகொண்டது. முதலில் நூல்போல வந்தது. பிறகு கலியமூர்த்தியின் பாதங்களை நனைத்துக்கொண்டு தூம்பை நோக்கி ஓடியது. ஒரு கப்பல் அதோடு போனது. முகிலா அதை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டி, நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"மெதுவாண்ணே" என்றார் வைத்திலிங்கம். "விரல்ல விழுந்துடும்."

அந்தச் சொல்லால் தம்பி அவரை ஏழு வருஷமாகக் கூப்பிட்டிருக்கவில்லை. கலியமூர்த்தி நிமிராமலே வேலையைச் செய்தார்.

செங்கல் வரிசை முழுவதும் எடுத்தாயிற்று. கலியமூர்த்தி சிறுமியிடம் சொன்னார்: "முகிலா, உன் ரூமு காயறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் பெரியப்பா வீட்ல வந்து படுத்துக்க. காஞ்ச ரூமு. பெரியம்மா இருக்கா. வர்றியா?"

முகிலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வைத்திலிங்கம், "நீயே சொல்லு" என்றார்.

"நான் எங்க வீட்ல கூடத்துல படுத்துக்கறேன்" என்றாள் அவள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு கலியமூர்த்தி முற்றத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இடிச்சுட்டேம்மா. கேக்க வேண்டியதக் கேட்டுட்டேன். தண்ணியும் போயிடுச்சு. கொழந்தையக் கூப்பிட்டேன். வர மாட்டேன்னுட்டா."

"பெயிண்டு எப்ப?"

"இப்ப அடிக்கக் கூடாதாம். பழசெல்லாம் சொரண்டிட்டு, சொவத்த வெறுமனே விடணுமாம். மழை முடிஞ்சு ரெண்டு மாசம் வெயில் படணும்ங்கறாரு."

"நாலு நாள்ல காய வைக்க வழி இல்லையா?"

"சொவரு எவ்வளவு வருஷமா குடிச்சுதோ, அத மெதுவாத்தான் விடும்ங்கறாரு."

"சரி" என்றார் அம்மா.

கலியமூர்த்தி அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்காமலே எழுந்து போனார்.

சவரிமுத்து மஞ்சளைச் சுரண்டினார். தம்பி பக்கத்துப் பாசியையும் தேய்த்து எடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே காரைதான் இருந்தது. லட்சுமியின் முகத்தைத் தகடு படாமல், தேங்காய் நாரால் தேய்த்தார். மூக்கின் மேல் இருந்த கோடு போனது.

ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் அந்தச் சுவர் வெறும் உடம்போடு நின்றது. தண்ணீர் தம்பி பக்கத்திலிருந்து அண்ணன் பக்கம் ஓடித் தெருவில் விழுந்தது. "என்னண்ணே, கடை நொடிச்சுப்போச்சா, வீடு இப்படி நிக்குது?" என்று தெருவில் கேட்டார்கள். "காயுது" என்றார் கலியமூர்த்தி. ஒவ்வொரு நாளும் கடைக்குப் போகும்போது சவரிமுத்து செய்ததுபோலச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சில நாள் மறு பாதியில் வைத்திலிங்கமும் கை வைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. "இன்னும் ஈரம்" என்று மட்டும் யாராவது ஒருவர் சொல்வார்.

இருமல் கேட்டது. மார்கழியில் குறைந்தது. கலியமூர்த்தி ரேடியோ வைக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு சவரிமுத்து இரண்டு ஆட்களோடு வந்து சாரம் கட்டினார். சுண்ணாம்பை முன்னமே ஊறவைத்து, துணியில் வடிகட்டி வைத்திருந்தார்.

"கலர் எதுவும் வேணாமா?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

"சுண்ணாம்புச் சொவருக்குச் சுண்ணாம்புதாங்க. இதுக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டா மூச்சு முட்டும்."

"அந்த நடு வாசல்? செங்கல் அடைப்பு மேலயும் அடிச்சுடவா?" என்று கேட்டார் சாரத்தில் இருந்த ஆள்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார்.

"இப்ப வேணாம்" என்றார் வைத்திலிங்கம்.

"ஆமா, இப்ப வேணாம்" என்றார் கலியமூர்த்தி.

பத்து மணிக்குப் பெரியநாயகி அம்மா வந்தார். அன்று முற்றத்தில் பாய் விரிக்கவில்லைபோல. கலியமூர்த்தி ஓடிப்போய், "உள்ள வாங்கம்மா" என்றார். அவர் உள்ளே வரவில்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் காட்டினார். கலியமூர்த்தியும் போய் உட்கார்ந்தார்.

ஐம்பத்தாறு வருஷம் வாழ்ந்த வீட்டின் வெளிச்சுவரை அவர் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தார். எவ்வளவு அகலம் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வலது பக்கம் அவருடைய கதவு. இடது பக்கம் தம்பியின் கதவு. நடுவே லட்சுமி, இரண்டு யானைகளும் அவளுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன. பூசிய சுண்ணாம்பு ஈரமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. காய்ந்த இடம் மட்டும் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

தெருவில் முகிலா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து ஆட்களிடம் எட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"இப்பவும் கண்ண மூடினா அவன் வந்து நிக்கிறான்."

"என்ன செய்யறாரு?"

"ஒண்ணும் செய்யல. சும்மா நிக்கிறான்."

"உக்காரச் சொன்னீங்களா?"

கலியமூர்த்தி எதிரே சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

வெயில் ஏறியது. முகிலாவுக்குத் தாகம் எடுத்தது. இரண்டு கதவும் திறந்திருந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து அவள் வீட்டுக் கதவு ஆறடி தூரம். பெரியப்பா வீட்டுக் கதவு பதினெட்டு அடி. அவள் சாரத்துக் கம்புகளுக்கு அடியில் குனிந்து போய், பெரியப்பா வீட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.